பாண்டு மாஸ்டருக்குப் பக்கத்தில்

அந்தப் பெண் பின்வாங்கிக்கொண்டே போனாள்.

கையில் செல்போன். கண் அதிலேயே. பாண்டு மாஸ்டர் கஸ்பார் கொரைராவின் கல்லறை முழுசாகப் படத்தில் விழ வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பின்னால் மதில் சுவர்.

சுவரோரம் ஒரு நித்தியகல்யாணிச் செடி.

கூட்டத்தை அழைத்து வந்த பெரியவர் கையை ஆட்டினார். இந்தப் பக்கம் வாங்கம்மா, இங்கே நிழல் என்று கூப்பிட்டார். போன வாரம் வந்தவர்களிடம் அங்கே பாம்பு உண்டு என்று சொல்லியிருந்தார். அதற்கு முந்தின வாரம் கண்ணாடித் துண்டு.

அவளுக்குக் காதில் விழவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் வெளியூர்க்காரர்களைக் கல்லறைத் தோட்டத்துக்குள் அழைத்துப் போய்க் காட்டுவது அவர் வேலை. துறைமுகத்தில் ஓய்வு பெற்றவர் சும்மாதானே இருக்கிறார் என்று கோயிலில் கொடுத்தார்கள். ஊரின் பெரிய மனிதர்களை அவரவர் படுத்திருக்கும் இடத்திலேயே அறிமுகம் செய்துவைக்க வேண்டும். ஊரின் முதல் லேடி டாக்டர். புயலில் தோணியைக் கரைசேர்த்த தண்டல். அப்புறம் பாண்டு வாத்தியக் குழு நடத்திய கஸ்பார் மாஸ்டர், தலைமாட்டில் சிமெண்டுக் கிளாரினெட்டோடு.

எல்லோருக்கும் அந்தக் கிளாரினெட்தான் வேண்டும். அதைப் படமெடுக்கச் சுவர்ப் பக்கம்தான் தோது.

அந்த இடம் வந்துவிட்டால் அவர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல ஆகிவிடுவார். இங்கே ஓடுவார், அங்கே ஓடுவார், வாய் ஓயாது. செத்தும் இந்த மனுசன் என்னை நிம்மதியாக இருக்க விடவில்லையே என்று கஸ்பார் மாஸ்டர்மேல் கோபம்கூட வரும். ஊரே கொண்டாடுகிறவரை என்னவென்று திட்டுவது?

சுவரோரம் சிலுவை கிடையாது. கல் கிடையாது.

ஞானஸ்நானம் பெறாமல் போய்விட்ட பிள்ளைகளை அந்தக் காலத்தில் அங்கேதான் வைப்பார்கள். கோயில் மணி அடிக்க மாட்டார்கள்.

அவருடைய மகளும் அங்கேதான்.

பிறந்தபோதே மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சாமியாரைக் கூட்டிவரச் சொல்லி மனைவி பிலோமினா அழுதாள். அவர் ஓடினார். மழையில், செருப்புகூடப் போடாமல் ஓடினார். சாமியாரோடு திரும்பியபோது பிள்ளையின் முகத்தை மூடியிருந்தார்கள்.

அவசரத்துக்கு ஞானஸ்நானத்தை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பெயரைச் சொல்லித் தலையில் தண்ணீர் ஊற்றி, மந்திரத்தைச் சொன்னால் போதும். ஊற்றுகிறவர் வேதக்காரராக, ஞானஸ்நானம் பெற்றவராகக்கூட இருக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்ததுதான்.

கட்டிலுக்குப் பக்கத்திலேயே கூஜா நிறையத் தண்ணீர் இருந்தது.

அவர் ஓடிவிட்டார்.

பெண் என்றால் வைக்க ஒரு பெயர் பேசி வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. பிலோமினா கண்ணை மூடும்வரை சொல்லவில்லை. இடம் தெரிய வேண்டுமே என்று அவர் ஒரு செடியை மட்டும் வைத்தார்.

இப்போது அந்தப் பெண்ணின் குதிகால் அதன்மேல்.

தண்டு மடங்கியது.

"மிதிக்காதீங்க."

அவ்வளவு சத்தம் தன்னிடம் இருப்பது அவருக்கே தெரியாது. கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவள் துள்ளி விலகினாள். சின்ன வயசு. வெயிலில் நெற்றிக் குங்குமம் கரைந்திருந்தது. செடியைப் பார்த்தாள். வெறும் மண்ணைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இங்க யாரு சார்?"

சொல்வதற்கு அவரிடம் பாம்பு இருந்தது. கண்ணாடித் துண்டு இருந்தது.

"ஜெசிந்தா" என்றார்.

கூட்டத்தில் ஒருவர், அவங்க எதில் பிரபலம் என்று கேட்டார். குறித்துக்கொள்ளத் தயாராகப் பேனாவை எடுத்தார்.

பெரியவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். மறுபடி போட்டார்.

அந்தப் பெண் குத்தவைத்து உட்கார்ந்தாள். மடங்கிய தண்டை நிமிர்த்தினாள். அடியில் மண்ணை அணைத்து, உள்ளங்கையால் அழுத்தினாள். அவள் காலடித் தடத்தையும் கையாலேயே தடவி அழித்தாள். பிறகு பைக்குள்ளிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள்.

"மன்னிச்சிருங்க ஜெசிந்தா" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினாள்.

அடுத்த கல்லறைக்குப் போகலாமா, வெயில் ஏறுகிறது என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

பாட்டில் காலியாகும்வரை அவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

உதடு மட்டும் மந்திரத்தைச் சொல்லி அசைந்தது.