எட்டாவது தடுப்பு

“கால் பட்டா தடுப்புக்கு வலிக்காதா, சார்?”

தடை ஓட்டம் பழக வந்த முதல் நாள், எட்டு வயதில் அவள் கேட்டது அது. அன்று சிரித்த பயிற்சியாளர், பத்து வருடமாகத் தலையில் அடித்துக்கொள்கிறார். தடுப்பு விழுந்தால் அவள் பாதி ஓட்டத்தில் திரும்பிப் போய், நிமிர்த்தி வைத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஓடுவாள்.

“கட்டைகிட்ட மன்னிப்பு கேக்கிறவளை யாரும்மா அணியில சேர்ப்பாங்க? இதான் உனக்குக் கடைசி வாய்ப்பு!”

இறுதிப் போட்டியில் எட்டாவது தடுப்பு சாய்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அவள்தான் முதலிடம்.

“புத்தி வந்துடுச்சா தாயே?”

“இல்ல சார். நான் தோத்தா உங்க வேலை போயிடும்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. நீங்க மறைச்சிட்டீங்க. பாவம், அது அங்கேயே கிடக்கு.”

அவளைப் பதக்க மேடைக்கு இழுத்துப் போனார்கள்.

மைதானம் காலியானதும் அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தடுப்பை நிமிர்த்தித் தூசி தட்டினார்.

“என்னாலதான். மன்னிச்சுக்கப்பா,” என்றார்.