தேதி தெரியாதவள்

"மூவாயிரத்து இருநூறு. ஒத்தைப் பைசா கொறையாது தாயி."

நல்லசிவம் அண்ணாச்சி பில்லைக் கல்லாமேல் வைத்து, அது பறந்துவிடாமல் கால்குலேட்டரையும் தூக்கி அதன்மேல் வைத்தார்.

சொர்ணலட்சுமியின் ஃப்ரிட்ஜ் புதுக் கம்ப்ரசரோடு கடைவாசலில் நின்றது. பணம் கட்டினால்தான் வண்டியேறும். அதில் இட்லி மாவு வைத்து விற்றுத்தான் அவள் வீட்டு வாடகை போகிறது.

இன்சூரன்ஸ் இருந்திருந்தால் இந்தப் பில்லே கிடையாது. அவளும் ஏமாந்து இருந்துவிடவில்லை. செப்டம்பரிலேயே அடுத்த வருஷத்துக்குப் பணம் கட்டி, இதே கடையில் பாரத்தில் கையெழுத்தும் போட்டாள். கையெழுத்துக்குக் கீழே தேதி எழுதும்போதுதான் சனியன் பிடித்தது. 2006 என்று எழுதவேண்டிய இடத்தில் 2007 என்று எழுதிவிட்டாள்.

சிவகாசிக்காரி வேறு எப்படி எழுதுவாள்? காலண்டர் கம்பெனியில் தாள் அடுக்குகிற வேலை. ஆடி பிறந்தால் அடுத்த வருஷம் அச்சேறிவிடும். அதற்கப்புறம் காலை எட்டு மணியிலிருந்து கண்ணில் படுவதெல்லாம் வரப்போகிற வருஷம்தான். கையும் அதையே எழுதிவிட்டது.

பாரம் செல்லாது என்று இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து திரும்பி வந்தது. அண்ணாச்சி அதை வாங்கி டிராயரில் போட்டார். மூன்று மாதம் அங்கேயே கிடந்தது. தினமும் அவர் கடையைத் தாண்டித்தான் அவள் வேலைக்குப் போகிறாள். கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஃப்ரிட்ஜ் நின்றுபோன பிறகுதான், இன்சூரன்ஸ் எப்போதோ முடிந்துவிட்டது என்றார். அவள் கட்டிய பணத்தைப் பில்லில் கழித்துவிட்டாராம். அவ்வளவு நேர்மை.

போன வாரம் நியாயம் கேட்க வந்தபோது கடை நிறைய ஆள்.

"காலண்டர் கம்பெனில வேல பாக்குறவளுக்குத் தேதி தெரியலையாம்லே" என்று மெக்கானிக் சங்கிலிமுத்துவைப் பார்த்துச் சொல்லிவிட்டு அண்ணாச்சி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மிக்சி வாங்க வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒரு வாரமாக அவள் காதைவிட்டுப் போகவில்லை. இந்த மனுஷனை என்ன செய்தால் தகும் என்று மாவாட்டும்போதும் யோசித்தாள், தூக்கத்திலும் யோசித்தாள்.

இன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சாப்பிடாமல் வந்து நிற்கிறாள்.

"தேதியத் தப்பா எழுதுனது நான்தான் அண்ணாச்சி. ஆனா பாரத்த டிராயர்லயே வச்சிருந்தீகளே, ஒரு வார்த்த சொன்னீகளா? பாதியக் கொறைங்க."

அவர் காது குடைந்தார்.

ஐநூறு குறைக்கச் சொன்னாள். பிறகு இருநூறு. பிறகு நூறு ரூபாய்க்கு வந்தாள். போன வாரம் பில்லைக் கிழித்து எறியப் போனவளா இவள் என்று சங்கிலிமுத்துவுக்கே ஆச்சரியம். நூறு ரூபாய்க்கு இந்தக் கெஞ்சலா?

அண்ணாச்சி அசையவில்லை.

"சரி, காசு வேண்டாம். சொல்லாம விட்டது தப்புத்தான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. முழுசாக் கட்டிட்டுப் போறேன்."

"எழுதுனது நீ. நான் எதுக்குச் சொல்லணும்?"

பணத்தை எடுத்து வைத்தாள். மனசு லேசாகக்கூட இருந்தது.

பணம் கல்லாவில் விழுந்ததும் அண்ணாச்சிக்குத் தாராளம் வந்துவிட்டது.

"கடைக் காலண்டர் இந்த வாரம் வருது. ஆயிரம் அடிக்கச் சொல்லிருக்கேன். வந்து ஒண்ணு வாங்கிக்கோ. இனிமேலாச்சும் தேதியப் பாத்து எழுது."

"வாறேன் அண்ணாச்சி."

எந்தக் கம்பெனியில் அடிக்கக் கொடுத்திருக்கிறார் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கேட்பானேன்? நாலு நாளாக அவர் ஆர்டர் அவள் மேஜையில்தான் இருக்கிறது. ஜனவரி மாதம் தேதிவாரியாகக் கட்டுக் கட்டாக வரிசையில் நிற்கிறது. நடுவில் ஒரே ஒரு கட்டு மட்டும் இல்லை. அது மேஜைக்கு அடியில் கழிவுத்தாள் சாக்குக்குள் கிடக்கிறது. எடுத்துத் திரும்ப வைக்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் மூன்று மணிக்குச் சேர்த்துத் தைத்துவிட்டால், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் உள்ளே சொருக முடியாது.

நூறு ரூபாய், இல்லையென்றால் அந்த ஒரு வார்த்தை. இரண்டில் ஒன்றுக்கு அவர் இறங்கியிருந்தால் ஓடிப்போய் எடுத்து வைத்திருப்பாள். இவ்வளவு நேரம் அவள் கெஞ்சியது அவருக்காகத்தான்.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அவள் மெதுவாகவே நடந்தாள். கம்பெனியில் ஏச்சு விழும். விழட்டும்.

பொங்கலன்று விடியற்காலையில் அண்ணாச்சியின் வாடிக்கைக்காரர்கள் ஆயிரம் பேரும் போகித் தாளைக் கிழித்துவிட்டு, பானை வைக்க நல்ல நேரம் பார்ப்பார்கள். அங்கே மாட்டுப் பொங்கல் இருக்கும். நல்ல நாளும் அதுவுமாக இப்படிக் காலண்டர் கொடுத்தவன் எவன் என்று அட்டையைப் பார்ப்பார்கள். அதில் அண்ணாச்சியின் பேர் பெரிய எழுத்தில் இருக்கிறது, போன் நம்பரோடு.