எரு போடாத பாத்தி

ஜெனிஃபருக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. பன்றி எரு போட்டால் டென்மார்க் மண்ணில் என்ன நடக்கிறது, நம் மண்ணில் என்ன நடக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதற்காகப் பொத்தேரியில் இருக்கும் கல்லூரியிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, கடப்பாக்கத்தில் விவசாயி தாவீதின் நிலத்தில் இரண்டு பாத்தி வெண்டை போட வைத்திருந்தாள். ஒன்றுக்கு எரு உண்டு, மற்றதற்குக் கிடையாது.

மூன்று மாதம் கழித்து வந்து பார்த்தால், இரண்டும் ஒரே மாதிரி காய்த்துத் தொங்கின.

"டென்மார்க்ல எரு போடாத பாத்தி வெளுத்துப்போய் நிக்குதுண்ணே. இங்க மட்டும் எப்படி? மாத்திப் போட்டுட்டீங்களா?"

"நீ கோடு கிழிச்ச எடத்துலதாம்மா போட்டேன். ஏசு மேல சத்தியமா."

"தண்ணி?"

"ரெண்டுக்கும் ஒரே அளவுதான்."

"அப்புறம் என்னதான்ணே ஆச்சு? திங்கக்கிழமை ரிப்போர்ட் குடுக்கணும். இந்த மண்ணுல பன்னி எரு வேலை செய்யலன்னுதான் எழுதப்போறேன்!"

களை பிடுங்கிக்கொண்டிருந்த தாவீதின் மனைவி சலோமி விருட்டென்று நிமிர்ந்தாள்.

"வேலை செய்யலியா? இன்னாம்மா பேசற? அந்தப் பாத்திக்கும் நான்தானே கூடை கூடையா அள்ளிப் போட்டேன்!"

ஜெனிஃபர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏன்க்கா? ஏன் போட்டீங்க?"

"பின்ன? ஒரு புள்ளைக்குச் சோறு போட்டுட்டு, பக்கத்துல கீற புள்ளைய பட்டினி போடச் சொல்றியா? டென்மார்க்காரன் போடுவான். நம்மளால ஆவாதும்மா!"