மனம் எழுப்பும் குரல்

“மாஸ்டர், கண்ணை மூடினவுடன மகளின்ட குரல்தான் கேக்குது. ‘அப்பா’ எண்டு கூப்பிடுறாள். தியானம் அதோட சரி.”

சோமசேகரம் சொன்னதும் வகுப்பில் இருந்த ஐந்தாறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். துறைமுகக் களஞ்சியத்தில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அறுபது வயதில் கொப்பியும் பென்சிலுமாக, மனம் எது, உணர்வு எது என்று படிக்க வந்திருந்தார். சொல்லிக்கொடுத்த அருளம்பலம் மாஸ்டர் அவரைவிடப் பத்து வயது இளையவர்.

“மகள் வீட்டில இல்லையோ?”

“அக்கரையில, மூதூரில. குணேஸ்வரி ஏழு வருசமா வாறதில்லை.” சோமசேகரம் குனிந்துகொண்டார். “பாயிஸ் எண்ட பொடியனைத்தான் கட்டுவன் எண்டவள். இனி என்ர முகத்தில முழிக்காதை எண்டு நான்தான் கலைச்சனான். தாயின்ட செத்தவீட்டுக்கும் வர விடேல்லை.”

“ஒருக்காப் போய்ப் பாக்கலாமே?”

“எந்த முகத்தோட போறது? ஏலாது மாஸ்டர்.”

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். “அப்ப கேளுங்கோ. அது மனம் எழுப்புற குரல். அதுக்குப் பின்னால போகாதைங்கோ. கண்ணைத் திறக்காமல் இருங்கோ. தானாக் கரைஞ்சு போகும்.”

கொப்பியில் எழுதிக்கொண்டாரே தவிர, சோமசேகரத்தால் முடியவில்லை. குரல் கேட்கும்போதெல்லாம் கண்ணைத் திறந்தார். ஒவ்வொரு தடவையும் எதிரே வெறும் சுவர்தான்.

மூன்று மாதம் போயிற்று. ஒரு நாள் விடிகாலை, கடற்காற்றுக்காகக் கதவைத் திறந்துவைத்துவிட்டுப் பாயில் அமர்ந்தார்.

“அப்பா.”

அவர் அசையவில்லை.

“அப்பா, ஒருக்காக் கண்ணைத் திறவுங்கோ.”

இமைகளை இறுக்கிக்கொண்டார். இன்னொரு தடவை கேட்டது, விம்மலோடு. பிறகு, மாஸ்டர் சொன்னது போலவே, கரைந்து போயிற்று.

வெகுநேரம் கழித்துத்தான் கண் திறந்தார். வென்றுவிட்டார். ஆனால் சந்தோஷம் வரவில்லை. அந்தக் குரலும் இல்லாத வீட்டில் இருக்கவே முடியவில்லை. என்ன படிப்பு இது! பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வக்கில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற படிப்பு!

சட்டையை மாட்டிக்கொண்டு வீதிக்கு ஓடி வந்தார். பக்கத்து வீட்டு யோகலிங்கம் எதிரே வந்தார்.

“எங்கயண்ணை இவ்வளவு அவசரமா?”

“மூதூர் போற லோஞ்சுப் படகைப் பிடிக்கவேணும், தம்பி. குணேஸ்வரியைக் கூட்டிவரப் போறன்.”

யோகலிங்கம் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினார்.

“என்னண்ணை கதைக்கிறியள்? அவளின்ட புருசனுக்கு நைஜீரியாவில படிப்பிக்கிற வேலை கிடைச்சிருக்கு, இரவைக்குப் பிளேன். இப்பதானே குடும்பத்தைக் கொழும்பு பஸ்ஸில ஏத்திவிட்டுட்டு வாறன்! காலமை உங்களுக்கு முன்னால இருந்து மூண்டு தரம் கூப்பிட்டும் நீங்கள் கண் திறக்கேல்லையாம்.”