சின்னக் கை

லெவுகாத் தீவுத்துறையில் அபெனிசாவின் படகைக் கரையேற்றும்போதெல்லாம், அடியில் பிடித்த பாசியைச் சுரண்டுவது அவன் இரண்டாம் மனைவி மெரெயோனிதான். பாசி வித்துகள் நீந்தி வந்து கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்தப் படகில் மட்டும் ஒரு சின்ன உள்ளங்கை வடிவில் ஒட்டின. மெரெயோனியின் கை பெரியது. கடலோடு போன மூத்தவள் வசிதிக்குத்தான் சின்னக் கை.

"மறுபடி வந்துட்டா உங்க மகராசி."

"பாசிகிட்டக்கூடவா சக்களத்திச் சண்டை?" என்று நடுவிரல் பாதி போன கையை ஆட்டி அபெனிசா சிரித்தான்.

அவள் மரம் தெரியுமளவு சுரண்டி, பாசிக்கொல்லிப் பூச்சை இரண்டு தடவை அடித்தாள். மூன்று வாரம் அவனைக் கடல் பக்கமே விடவில்லை. படகு மட்டும் தண்ணீரில் கட்டிக் கிடந்தது.

திரும்பக் கரையேற்றியபோது சின்னக் கை அதே இடத்தில் இருந்தது. அதன் விரல்களோடு, நடுவிரல் பாதி போன அபெனிசாவின் கை வடிவமும் பாசியில் பச்சைப் பசேலென்று கோத்திருந்தது.