காவலுக்கு வந்த அப்பா

வர்ஷினியின் அப்பா ரெண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே, வர்ஷினியைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான் கதிர்வேல்.

"நாளைக்கு விடிஞ்சா எண்ட்ரன்ஸ் கோச்சிங்னு நாமக்கல் போயிருவாடா. இன்னைக்கு உட்டா எப்பச் சொல்றது? படம் முடிஞ்சதும் தியேட்டர் கேட்டுகிட்ட நின்னு சொல்லிப்போடப் போறேன்."

"அவங்கப்பாவப் பக்கத்துல வெச்சுக்கிட்டே பேசறே பாரு, உனக்கு நெஞ்சழுத்தம்டா" என்றான் நடுவில் உட்கார்ந்திருந்த ரியாஸ்.

"அவருக்குத்தான் காது கேக்காதே."

வாஸ்தவம்தான். வர்ஷினியின் அப்பா சுப்பண்ணனுக்குச் சோமனூரில் சொந்தத் தறிக்குடோன். சின்ன வயசிலிருந்து விசைத்தறிச் சத்தத்துக்குள்ளேயே நின்று காது போய்விட்டது. தினமும் சாயங்காலம் டியூஷன் வாசலில் டிவிஎஸ் 50 மேல் உட்கார்ந்து மகளுக்காகக் காத்திருப்பார். "செக்யூரிட்டி வந்துட்டாருடா" என்பான் ரியாஸ். பசங்கள் எதிர்க் காம்பவுண்ட் சுவரில் உட்கார்ந்தபடி "வணக்கமுங்க" என்று கத்துவார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டுவார்.

அப்புறமென்ன, அவர் முகத்துக்கு நேராகவே அவர் மகளைப் பற்றிப் பேசுவான் கதிர்வேல். கொழுப்பென்றால் அப்படியொரு கொழுப்பு.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த குஷியில் டியூஷன் கூட்டம் மொத்தமும் மத்தியான ஆட்டத்துக்கு வந்திருந்தது. இடுப்புயரத் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள். வர்ஷினியும், அவளோடு ஒட்டிக்கொண்டே திரியும் இல்மாவும் அங்கே. காவலுக்குச் சுப்பண்ணன் இங்கே.

திரையிலும் இவர்கள் கதைதான். ஒரே டியூஷனில் படிக்கிற நாலு பேர். ஐஸ் வாங்கித் தின்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், சாயங்காலமே ராசியாகிறார்கள். அதில் ஒருத்தன் மட்டும் ஒருத்தியிடம் சொல்ல வந்ததைச் சொல்லாமல் முழுங்கிக்கொண்டே இருக்கிறான். கதிர்வேல் சீட்டு நுனிக்கே வந்துவிட்டான்.

கடைசி சீன். அவள் ஊரைவிட்டுப் போகிறாள், பஸ் ஏறிவிட்டாள். அவன் ஓடி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

சவுண்ட் போய்விட்டது.

ஒரே கூச்சல், சீட்டி. "ஆபரேட்டரு, தூங்கறியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். படம் அது பாட்டுக்கு ஓடியது. அவன் பேசினான், அவள் கண்ணைத் துடைத்தாள், பஸ் கிளம்பிவிட்டது.

கதிர்வேல் ரியாஸ் பக்கம் திரும்பித் தலையில் கை வைத்துக்கொண்டான். "போச்சு. சொன்னானா இல்லையான்னே தெரியலயேடா."

"எங்க சொன்னான்?" என்றார் சுப்பண்ணன். "'பத்திரமாப் போ, நல்லாப் படி'ன்னான். அவ்வளவுதான். அந்தப் புள்ள பேசுனதுதான் புரியல. நடிக்கிறது வடக்கத்திப் புள்ளயாட்ட இருக்குது, வாய் தமிழுக்கு அசையவே மாட்டேங்குது."

ரெண்டு பேரும் அவரையே பார்த்தார்கள்.

"ஏனுங்க, உங்களுக்குக் காது..." என்று இழுத்தான் ரியாஸ்.

"காது எங்க கேக்குது கண்ணு? தறிக்குடோனுக்குள்ள பக்கத்துல நின்னு கத்துனாலும் காதுல உளுகாது. வாயசைவப் பாத்துத்தான் அங்க பேச்சே. தறி ஓட்டறவங்க எல்லாருக்கும் இது பழக்கந்தான்."

கதிர்வேல் வீட்டில் கோழிப்பண்ணை, ரியாஸ் வீட்டில் தையல் கடை. தறிக்குடோன் பக்கம் ரெண்டு பேரும் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

கதிர்வேல் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். வர்ஷினிக்கு அம்மை போட்டபோது மாரியாத்தாளுக்கு வேண்டிக்கொண்டது, அவள் சிரிப்பைக் கேட்க வேண்டுமென்றே கணக்கைத் தப்பாகப் போட்டது, எல்லாவற்றையும் இந்த மனுசன் முகத்துக்கு நேராக அல்லவா சொல்லித் தொலைத்திருக்கிறான். இனி அவளை நாமக்கல் அனுப்புவாரா? படிப்பை நிறுத்தி வீட்டோடு உட்கார வைத்துவிட்டால்?

"தப்புங்க" என்றான். குரலே எழும்பவில்லை. அவருக்குக் குரல் எதற்கு? "அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. அவ படிப்ப மட்டும் நிறுத்திப்போடாதீங்க. நான் இனி அந்தப் பக்கமே வரமாட்டேனுங்க."

"செக்யூரிட்டின்னது மட்டும் நானுங்க" என்று ரியாஸும் ஒப்புக்கொண்டான்.

"அதுவுந் தெரியும்" என்ற சுப்பண்ணன், கதிர்வேல் தோளில் கை வைத்தார். "வருசம் பூரா என்ற புள்ளயப் பத்திப் பேசுனே. ஒரு வார்த்தை தப்பா வந்திருந்தா அன்னைக்கே வண்டிய உட்டு எறங்கி வந்திருப்பேன். எறங்கற மாதிரி நீ பேசவே இல்ல."

கதிர்வேலுக்குக் கண் கலங்கிவிட்டது. படம் முடிந்து லைட்டும் போட்டுவிட்டார்கள்.

"இப்ப அவகிட்ட ஒண்ணுஞ் சொல்லாதே. அவளும் படிக்கட்டும், நீயும் படி. முடிச்சுப்போட்டு உங்கப்பன் ஆத்தாளக் கூட்டிக்கிட்டு நேரா ஊட்டுக்கு வந்து கேளு."

"அவளுக்குப் புடிக்கோணுமேங்க" என்றான் கதிர்வேல் மெல்ல.

சுப்பண்ணன் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தார். வர்ஷினி எழுந்து நின்று இல்மாவிடம் என்னவோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உன்ற பேச்ச மட்டுமா பாத்தேன் கண்ணு? அவ இல்மாகிட்டப் பேசறதையுந்தான் வருசம் பூராப் பாத்தேன். அவ உன்னப் பத்தித்தான் பேசறா."