ஒரு விரல் இடம்

முதல் செடியை நர்மதா கட்டிவிட்டாள்.

கட்டுவதற்காக அவள் மாடிக்கு வரவில்லை. பிடுங்குவதற்கு வந்தாள். கையில் கோணிப்பை இருந்தது.

அகல்யா வைத்திருந்த எதுவும் சாயங்காலத்துக்கு மேல் வீட்டில் இருக்கக் கூடாது என்று கணவர் தனபால் சொல்லியிருந்தார். துணிகள் காலையிலேயே போய்விட்டன. புத்தகங்களை யாரோ மூட்டை கட்டி எடுத்துப் போனார்கள். மிச்சம் இந்தப் பன்னிரண்டு தக்காளிச் செடிகள். பழைய சாய வாளிகளில் மகள் வளர்த்தவை.

மூன்று நாளாக யாரும் தண்ணீர் விடவில்லை. முதல் வாளியில் இருந்த செடி காய்களின் கனத்தில் குச்சியை விட்டு விலகித் தரைக்கு வளைந்திருந்தது.

தண்ணீர்த் தொட்டியின் அடியில் செடி கட்டுகிற அந்தக் கை மிஷின் கிடந்தது. எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

லேசாக அமுக்கினால் அதன் வாய் பச்சை டேப்பின் நுனியைக் கவ்விக்கொள்ளும். விட்டால் வாய் திறந்து, நடுவே டேப் நீளும். அந்த நடுவில் தண்டையும் குச்சியையும் விட்டு முழுதாக அமுக்கினால் சின்னப் பின் ஒன்று இறங்கும். டேப் அறுபடும்.

சடக்.

மிஷின் பார்சலில் வந்த அன்று வீடே சிரித்தது. தனபால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இரைந்துகொண்டிருந்த தறிக்கூடத்தைக் காட்டினார்.

"முப்பத்திரண்டு தறி ஓடுற ஊட்டுல ஒரு முடிச்சுப் போட நூல் இல்லையா சாமி?"

நூல் தண்டை அறுத்துவிடும் என்றாள் அகல்யா. அதிலும் அம்மா போடுகிற முடிச்சு. தறியில் அறுந்த நூலை முடிந்து முடிந்து பழகிய கை அது. இறுக்காமல் விடத் தெரியாது. தண்டு பெருக்க வேண்டும், ஒரு விரல் இடம் வேண்டும் என்று சொல்லி, அம்மாவின் ஆள்காட்டி விரலை நடுவில் வைத்தே அமுக்கிக் காட்டினாள்.

நர்மதா இரண்டாவது செடிக்கும் விரலை வைத்தாள். சடக்.

தறிகள் நின்று மூன்று நாள். இந்த வீட்டில் சத்தம் நின்றால்தான் காது அடைக்கும்.

கீழே வாசலில் ஆள் உயரத்துக்கு பேனர். கண்ணீர் அஞ்சலி. தோற்றத்துக்கு ஒரு தேதி, மறைவுக்குத் திங்கட்கிழமை. படம் இந்த மாடியில் எடுத்ததுதான். முதல் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அகல்யா சிரித்தது. பேனர் அடித்தவர் படத்திலிருந்து பழத்தை வெட்டிவிட்டு, சுற்றிலும் மாலை போட்டிருந்தார்.

காவிரியில் முழுகிவிட்டு வந்த தனபால், பேனருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் அவர் கையைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தார்கள்.

நான்காவது செடியில் இருக்கும்போது எதிர்வீட்டு முத்தாயம்மாள் மூச்சு வாங்க ஏறி வந்தாள். செடிகளைப் பார்த்தாள். காலியாகக் கிடந்த கோணிப்பையைப் பார்த்தாள்.

"ஒரு தடவ அழுதுரு சாமி. நானும் காலைல இருந்து பாக்கறேன், பித்தளச் சொம்பாட்ட இருக்கற."

நர்மதா தலையாட்டினாள். அழுகை வரவில்லை. முத்தாயம்மாள் பழுத்ததில் நாலைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டாள். வீணாகப் போக வேண்டாமே என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

ஏழாவது செடிக்கு வந்தபோது காற்று எழுந்தது. கீழே பேனரின் மூலை ஒன்று அவிழ்ந்து, கம்பத்தில் படபடவென்று அடித்தது. தனபால் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"நர்மதா, அந்தச் செடி கட்டற மிஷினக் கொண்டா. இது நிக்க மாட்டீங்குது."

அவள் மிஷினைப் பார்த்தாள். உருளையில் பாதிக்கு மேல் டேப் இருந்தது.

"டேப் தீந்து போச்சுங்க."

இருபத்தாறு வருடத்தில் அவரிடம் அவள் பொய் சொன்னதில்லை. இந்த வாரத்தில் இது மூன்றாவது.

கீழே யாரோ நூல் எடுத்துவரப் போனார்கள்.

தனபாலுக்கு முழங்கால் வலி. மாடி ஏறி ஆறு மாதமாகிறது. நர்மதா பக்கக் கிளைகளைக் கிள்ளிக் கோணியில் போட்டாள். காய்ந்த இலைகள், வாளிகளில் போட்டிருந்த தென்னை நார். பை உப்பியது. செடிகளின் கனம் அதில் இல்லை, வாசம் இருந்தது. கீழே காட்ட அது போதும். முத்தாயம்மாள் சொல்ல மாட்டாள். தக்காளி அவள் மடியில் இருக்கிறது.

பன்னிரண்டாவதும் முடிந்தது. வாளிகளுக்குத் தண்ணீர் விட்டு, எல்லாம் தெரிகிற மாதிரி தள்ளி நின்று போனில் ஒரு படம் எடுத்தாள். 'டெய்லர் ஹெலன்' என்று பதிந்து வைத்திருந்த எண்ணுக்கு அனுப்பினாள்.

அந்த எண்ணிலிருந்து வருவதையெல்லாம் அவள் உடனுக்குடன் அழித்துவிடுவாள். ஒரே ஒரு படத்தை மட்டும் அழிக்கவில்லை. பதிவு அலுவலக வாசல். வெள்ளைச் சட்டையில் ஒருவன். அவன் பக்கத்தில் அகல்யா, கழுத்தில் மாலையோடு. பேனரில் போட்டிருந்த அதே திங்கட்கிழமை.

டிக் இரண்டும் நீலமாயின. பதில் வந்தது.

"ஒரு விரல் விட்டுக் கட்டுனியாம்மா?"

நர்மதா முதல் செடிக்குத் திரும்பிப் போனாள். டேப்புக்குள் விரலை நுழைத்தாள். நுழைந்தது.

கீழே தனபால் கூப்பிட்டார், எல்லாம் பிடுங்கியாயிற்றா என்று.

ஆயிற்று என்றாள். விரலை எடுக்கவில்லை.